கட்டில் காலில் கட்டிய ஒயர்

ஹெட்போன் காதைத் தொடுவதற்கு முன்பே ஷாக் அடித்தது. அதுதான் அவனை உறுத்தியது. தொட்ட பிறகு அடித்தால் மின்சாரம் என்று விட்டுவிடலாம்; ஒரு விரற்கடை தூரத்தில் வரும்போதே, எதிர்பார்த்துக் காத்திருந்த மாதிரி இடது காது மடலில் சுருக்கென்று ஏறினால் அதை என்னவென்று சொல்வது?

டாக்டர்கள் பேசி அனுப்பும் ஒலிப்பதிவுகளைக் கேட்டு டைப் அடித்துக் கொடுப்பது அவன் பிழைப்பு. காதுதான் சோறு போட்டது. அடுத்த அறையில், கனமான திரைகளுக்குப் பின்னால், மனைவி பகலெல்லாம் இரும்புக் கட்டிலில் தூங்குவாள். நைட் டியூட்டி நர்ஸ். அவள் தூக்கம் கெடக்கூடாதென்றுதான் ஹெட்போனே. ஆகவே ஷாக் அடித்தால் கத்தவும் வழியில்லை. வாய்க்குள்ளேயே கத்தப் பழகிக்கொண்டான்.

ஹெட்போனை மாற்றினான். புதியது பழையதைவிட உற்சாகமாக அடித்தது. கம்பளத்தைச் சுருட்டினான், நைலான் சட்டையை விட்டான், அறைக்காற்று காய்ந்திருப்பதுதான் கோளாறு என்று யாரோ சொன்னதால் நாற்காலியைச் சுற்றி ஈரத்துணிகளைத் தொங்கவிட்டு, துணியோடு துணியாக உட்கார்ந்து வேலை பார்த்தான். ஷாக் வலுத்தது. மயிர் பொசுங்கும் வாடையும், இடி விழுந்த பிறகு காற்றில் நிற்கும் ஒரு மணமும் அறையை விட்டுப் போகவேயில்லை.

மனைவியின் தம்பி எலெக்ட்ரீஷியன். பிளக் பாயின்டைத் திறந்து பார்த்து, வீட்டில் எர்த்தே செத்துக் கிடக்கிறது என்றான். வெளியே குழி தோண்டி ராடு இறக்க வேண்டும், ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்றான். அதுவரைக்கும் மாமாவின் மணிக்கட்டில் ஒரு பட்டையைக் கட்டி, அதிலிருந்து ஒயரை இழுத்துப்போய் வீட்டிலேயே பெரிய இரும்பாகப் பார்த்துக் கட்டினான். அது அக்காவின் கட்டில்.

ஷாக் அன்றோடு நின்றது. ஞாயிற்றுக்கிழமைகள் வந்து போயின, மச்சினன் வரவில்லை. சொந்தக்காரனுக்குச் செய்யும் வேலை என்றால் அப்படித்தான்.

அதற்குப் பிறகு மனைவி சீப்பைத் தலைக்குக் கொண்டுபோக வேண்டியிருக்கவில்லை. தலைமுடியே சீப்பிடம் வந்தது. வீட்டுத் தூசியெல்லாம் அவள் புடவையில் போய் ஒட்டிக்கொண்டதில் பெருக்குகிற வேலை மிச்சமானது. ஆஸ்பத்திரியில் அவள் பக்கத்தில் போனால் மானிட்டர்கள் தாறுமாறாகக் கத்துகின்றன என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். கையில் ரப்பர் உறை, காலில் ரப்பர் செருப்பு என்பதால் நோயாளிகள் தப்பித்தார்கள். வீட்டிலோ, அவள் வரும்போது இவன் தூங்குவான், இவன் எழும்போது அவள் தூங்குவாள். இருவரும் தொட்டுக்கொண்டு வெகுநாளாகியிருந்தது. பதினோரு வருஷத் தாம்பத்தியத்தில் அது பெரிய விஷயமாகப் படவில்லை.

ஒரு மதியம் பேனா உருண்டு அவள் அறைக்குள் போனது. எடுக்கக் குனிந்தவன் கட்டில் கால்களைப் பார்த்தான். நான்கிலும் ரப்பர் உறை. தரை கீறக்கூடாதென்று அவளே போட்டது.

மணிக்கட்டுப் பட்டையை அவிழ்த்தான். வெளியே வந்து மச்சினனுக்குப் போன் போட்டான்.

"மாப்ள, கட்டில் காலுக்கு ரப்பர் போட்டிருக்குடா."

மறுமுனையில் ஓடிக்கொண்டிருந்த டிரில் மெஷின் நின்றது.

"அப்ப அது தரைக்கே போகல மாமா."

"பின்ன எங்கடா போச்சு, இத்தன நாளா?"

"அக்காவத் தொட்டீங்களா?"

"தூங்குறா."

"தொடாதீங்க. நா வர்ற வரைக்கும் யாரும் தொட வேணாம். ஏறினது மொத்தமும் ஒரே மூச்சுல இறங்கினா, நீங்களும் இருக்க மாட்டீங்க, அவளும் இருக்க மாட்டா."

திரும்பிப் போனான். கதவருகே நின்றான். உள்ளே வண்டு முரல்வதுபோல் மெல்லிய சத்தம். கம்ப்யூட்டரை அணைத்தான். சத்தம் நிற்கவில்லை. மெயின் சுவிட்சையும் அணைத்தான். நிற்கவில்லை.

தரையில் போட்ட ஒயர் நுனி எழுந்திருந்தது. காற்றில். அவளைப் பார்த்து.

திரைகள் கட்டில் பக்கமாக உப்பியிருந்தன. ஜன்னல் மூடியிருந்தது.

அவள் கூந்தல் தலையணையில் இல்லை. ஒவ்வொரு இழையும் தனித்தனியாக நின்றது, நுனியெல்லாம் கதவை நோக்கி. இடப்பக்கம் ஓரடி வைத்தான். கூந்தலும் திரும்பியது. வலப்பக்கம் நகர்ந்தான். திரும்பியது.

அவள் கண் விழித்தாள்.

"ஏங்க... உடம்பெல்லாம் ஊர்ற மாதிரி இருக்கு. கையக் கொஞ்சம் புடிங்களேன்."

தொடாதே என்று சொல்ல வாயைத் திறந்தான். நாக்கில் செம்பு ருசி. சொல் வரவில்லை.

பின்னால் நகர்ந்தான். கால் நகர்ந்தது. கை நகரவில்லை.

அவன் வலது கை தானாகவே உயர்ந்திருந்தது. ரோமம் அத்தனையும் அவள் பக்கம் சாய்ந்திருந்தது. நிலைக்கதவை இடக்கையால் பற்றினான். நகங்கள் மரத்தில் வழுக்கின. கை அவனைக் கட்டில் வரை இழுத்துப் போனது.

அவள் தூக்கக் கலக்கத்தில் சிரித்தபடி கையை நீட்டினாள். கை பிடிக்க வருகிறான் என்று.

இருவர் விரல்களுக்கும் நடுவில் ஒரு விரற்கடை. அதில் நீலமாக ஏதோ.