ஸ்டேஷன் இல்லாத இடத்தில் ஒரு குரல்

ஒரு பிடி மணலை அள்ளிப் போட்டுத் தேய்த்ததுபோல அண்ணனுக்குக் கண் எரிந்தது. வெல்டிங் பட்டறையில் முகமூடி போட்டுக்கொண்டுதான் வேலை செய்தான். பக்கத்தில் இன்னொருவன் வைத்த வெல்டிங்கின் வெளிச்சம், இரும்புத் தகட்டில் பட்டுத் தெறித்து, முகமூடிக்குள் பக்கவாட்டில் புகுந்துவிட்டது. இப்போது இரண்டு கண்ணிலும் கட்டு. மூன்று நாள் அவிழ்க்கக் கூடாது.

எரிகற்கள் பொழியும் இரவோ இன்றுதான். ஒரு மாதமாக அதையே பேசிக்கொண்டிருந்தவன் அவன்.

"நீ மட்டும் போய்ப் பாரு, குண்டூசி" என்றான். ஒல்லித் தங்கைக்கு அவன் வைத்த பெயர் அது.

"நீ வராம நான் போகல."

அம்மா இரவு வேலைக்குப் போயிருந்தாள். குண்டூசி அவன் கையைப் பிடித்து, ஒவ்வொரு படியாக எண்ணிச் சொல்லி, மொட்டைமாடிக்குக் கூட்டிப்போனாள். அவன் இன்னொரு கையில் பாடிக்கொண்டிருந்தது ரேடியோ.

நிலா பகல்போலக் காய்ந்தது. தெருவில் ஒரு நாய்கூட இல்லை. கொடியில் தொங்கிய சட்டைகளின் நிழல்கள் தலையில்லாத ஆட்களாகத் தரையில் கிடந்தன. குண்டூசி தண்ணீர்த்தொட்டியின் நிழலில் ஒதுங்கினாள். நிலாவை மறைத்தால்தான் வானம் கொஞ்சமாவது கறுக்கும்.

"அதோ ஒண்ணு! இன்னொண்ணு! அய்யோ, மூணு!"

"புளுகாதடி. இந்த நிலாவுல அவ்வளவு தெரியாது."

அவள் நாக்கைக் கடித்துக்கொண்டாள். உண்மையில் ஒன்றுகூடத் தெரியவில்லை.

"கீழ போலாம்" என்றான். "எனக்கு இங்க என்ன வேலை?"

பன்னிரண்டு மணிக்கு ரேடியோ ஸ்டேஷனை மூடிவிட்டார்கள்; பாட்டும் நின்றது. வேறு பாட்டு தேடி அவள் குமிழைத் திருகினாள். வெறும் இரைச்சல்.

திடீரென்று ஒரு பெண் குரல். அரை வார்த்தை. நின்றுவிட்டது.

"யாரு மேல வந்தது?"

"யாருமில்லண்ணா. ரேடியோதான். முள்ளு கடைசியில நிக்குது."

"அந்த இடத்துல ஸ்டேஷனே கிடையாதே!"

மறுபடி இரைச்சல். பிறகு காதோரம் வந்து சிரித்ததுபோல ஒரு குழந்தையின் சிரிப்பு. பட்டென்று அறுந்தது. குண்டூசி அண்ணனோடு ஒட்டிக்கொண்டாள்.

"அணைச்சுத் தொலை!" என்றான் அண்ணன்.

"இரும்பையே உருக்கறவன், பயப்படறியா?"

"பயமெல்லாம் இல்ல. அணை!"

அவள் விரல் பொத்தானைத் தொட்டது. அந்த நொடியில் வானத்தில் ஒரு வெள்ளைக் கோடு கிழிந்தது. அதே நொடியில் ரேடியோவில் யாரோ புரியாத மொழியில் முனகினார்கள். கோடு மறைந்ததும் குரலும் போய்விட்டது.

அவள் விரலை எடுத்தாள். பயத்தோடேயே காத்திருந்தாள். மறுபடி கோடு. மறுபடி குரல்.

"அண்ணா! கல்லு எரியறப்பல்லாம் இது பேசுது!"

அவன் ரேடியோப் பக்கம் காதைச் சாய்த்தான். "எங்கயோ தூரத்து ஸ்டேஷன். கல்லு எரிஞ்ச தடத்துல பட்டு இங்க தெறிக்குது. தகட்டுல பட்டு என் கண்ணுக்கு வந்துச்சே, அந்த மாதிரி."

அவள் ரேடியோவை அவன் மடியில் வைத்தாள். "அப்ப நீ காதால பாரு. நான் கண்ணால பாக்கறேன்."

ஒரு ஆணின் இருமல் வந்தது. ஒரு மேளத் தட்டு. பாதிப் பெயர் ஒன்றைக் கூப்பிட்ட குரல். ஒவ்வொன்றுக்கும் அண்ணன் ஒரு விரலை மடக்கினான். கீழே போகலாம் என்று அவன் அப்புறம் சொல்லவே இல்லை.

கிழக்கு வெளுக்கத் தொடங்கியது.

"எனக்குப் பதினொண்ணு" என்றான். "உனக்கு?"

"நாலு."

கண்கட்டோடு அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "கண்ணு ரெண்டும் நல்லா இருக்கு, நாலுதானா?"

குண்டூசி மேற்கே திரும்பி நிலாவை முறைத்தாள். அது அவளுக்கு இன்னும் ஏழு எரிகற்கள் பாக்கி வைத்திருந்தது.