ஏர் எடுக்க ஓர் ஆள்

கொட்டகையின் பின்சுவரில் சிவப்பாக ஒரு வெளிச்சம் விழுந்திருந்தது. பழைய துணிமூட்டையைத் தேடி வந்தவள் வாசலிலேயே நின்றுவிட்டாள். காருக்குள் யாரும் இல்லை. சாவி அவள் கையில் இருந்தது. ஆனாலும் பிரேக் விளக்குகள் இரண்டும் எரிந்தன, யாரோ பெடலை மிதித்தபடி உள்ளே உட்கார்ந்திருப்பதைப் போல. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அணைந்தன.

இருபத்திரண்டு வருஷத்து வண்டி, எங்காவது ஒயர் ஒட்டியிருக்கும் என்று சொல்லிக்கொண்டு உள்ளே போனாள். கேட்க வேறு ஆள் இல்லாததால் அதைச் சத்தமாகவே சொன்னாள்.

அவள் கணவன் ஐந்து மாதத்துக்கு முன்பு இந்தக் கொட்டகையில், இந்த வண்டியின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் இறந்தான். மாரடைப்பு. இன்ஜின் ஓடிக்கொண்டே இருந்தது. வலது கால் பிரேக்கை மிதித்தபடி விறைத்துப்போயிருந்தது. அதை எடுக்க இரண்டு ஆட்கள் பட்ட பாடு கொஞ்சநஞ்சமல்ல. பன்னிரண்டு வருஷத் தாம்பத்தியத்தில் அவளை ஒருநாளும் அந்த சீட்டில் உட்காரவிடாதவன் அவன். உனக்கெல்லாம் வராது என்பான். காரியம் முடிந்த ஏழாவது வாரம் அவள் லைசென்ஸ் வாங்கினாள். ஆஸ்பத்திரியில் ரத்தம் சுத்திகரிக்கும் பிரிவில் நர்ஸ் வேலை. விடியற்காலை ஐந்தரைக்கு முதல் நோயாளி கையை நீட்டிக்கொண்டு காத்திருப்பார். அந்த நேரத்துக்குப் பஸ் கிடையாது.

அண்ணன் உயிர் போன வண்டி, விற்றுவிடுங்கள் அண்ணி என்று கொழுந்தன் மூன்று தடவை சொல்லிவிட்டான். அவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

போன வாரம் பிரேக் கொழகொழவென்று உள்ளே போனது. பின்பக்கத்து இடது டயரின் உள்ளோரம் முழுக்க எண்ணெய் ஈரம். மெக்கானிக் வந்து பார்த்தார். டிரம்முக்குள் இருக்கும் வீல் சிலிண்டர் ஒழுகுகிறது, அதையும் இரண்டு பக்கத்து பிரேக் ஷூவையும் மாற்றினால் போதும் என்றார். பெடலைப் பார்க்க டிரைவர் சீட்டில் உட்கார்ந்தவர், ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, இறங்கிவிட்டார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“நின்னுக்கிட்டிருக்கிற வண்டியில இவ்வளவு ஆயில் போகாதும்மா,” என்றார். “யாரோ மிதிச்சுக்கிட்டே இருந்தாத்தான் போகும். நான் இதைத் தொடல.”

“அப்ப எப்படிச் செய்யணும்னு சொல்லிட்டுப் போங்க. நான் செஞ்சுக்கறேன்.”

அவர் சொன்னார். வாங்க வேண்டிய சாமான்களைத் துண்டுக் காகிதத்தில் எழுதியும் கொடுத்தார். வாசல் வரை போனவர் திரும்பி, கடைசியில் ஏர் எடுக்க மட்டும் இன்னொரு ஆள் வேண்டும் என்றார். ஒருத்தர் பெடலை மிதித்துப் பிடிக்க, ஒருத்தர் பின்னால் சக்கரத்தில் இருக்கும் நிப்பிள் திருகைத் திறந்து குழாயில் புகுந்த காற்றை வெளியே விட வேண்டும். ஒண்டியாக ஆகிற காரியமில்லை.

பார்த்துக்கொள்ளலாம் என்றுதான் இந்த ஞாயிற்றுக்கிழமை மதியம் ஆரம்பித்தாள். வெளியே மழை பிடித்துக்கொண்டிருந்தது. சாரல் அடிக்காமலிருக்க ஷட்டரைப் பாதி இறக்கியதில் கொட்டகை பகலிலேயே மங்கிப்போய், தகரக் கூரையில் விழும் மழையின் இரைச்சலும், ரப்பரும் மண்ணும் கலந்த வாடையும், அதற்கடியில் லேசாக, இனிப்பாக, மீன் எண்ணெயைப் போல எழுந்த பிரேக் ஆயில் நாற்றமும் அவளைச் சுற்றி அடைத்துக்கொண்டு நின்றன. முன்சக்கரங்களுக்குச் செங்கல் வைத்தாள். ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்டில் நிறுத்தி, பின்சக்கரங்கள் இரண்டையும் கழற்றினாள். துருவேறிப் பிடித்திருந்த இடது டிரம்மைச் சுற்றிச் சுற்றிச் சுத்தியலால் தட்டினாள். கழன்று வந்தபோது கறுத்த சாறு கையில் வழிந்தது. வெதுவெதுப்பாக இருந்தது.

மூன்று நாளாக ஓடாத வண்டி. அவள் அதைப் பற்றி யோசிக்க மறுத்தாள்.

ஸ்பிரிங்குகளைக் குறடால் பிடுங்கினாள். ஒன்று தெறித்துக் கன்னத்தைக் கீறியது. ஊறிப்போன ஷூக்களைத் தூக்கிப் போட்டாள். பழைய சிலிண்டரைக் கழற்றிப் புதியதை முடுக்கி, புது ஷூக்களை மாட்டினாள். நரம்பு தேடி ஊசி ஏற்றிய கைகளுக்கு இது பெரிய வித்தையில்லை என்று பட்டது. உனக்கெல்லாம் வராது. வந்துவிட்டதே. வலது பக்கத்து ஷூக்களையும் மாற்றி, அந்த டிரம்மை மூடி, இடது பக்கம் திரும்பி வந்தாள். இன்னும் மூடாத அந்தச் சக்கரத்தின் முன் குந்தி, டிரம்மைக் கையில் எடுத்தாள்.

ஷூக்கள் அசைந்தன.

மெதுவாக. ஒரு நெஞ்சுக்கூடு மூச்சை இழுப்பதைப் போல இரண்டும் வெளிப்பக்கம் விரிந்தன. விரிந்தபடியே நின்றன. பிறகு ஸ்பிரிங் கிறீச்சிட, சுருங்கின.

பெடலை மிதித்தால் மட்டுமே அவை விரியும்.

பின்சுவரைப் பார்த்தாள். சிவப்பு. அணைந்தது. மறுபடியும் சிவப்பு.

ஷட்டருக்கும் அவளுக்கும் நடுவே பன்னிரண்டு அடிதான். கீழே குனிந்தால் வெளியே போய்விடலாம். கொழுந்தன் வண்டியை விற்றுவிடுவான். எல்லோரும் அப்பவே சொன்னோமே என்பார்கள். வண்டிக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. தொண்டையைச் செருமும் சத்தம். அவள் சமையலில் உப்பு குறைந்தால், சம்பளக் கவரை நீட்டத் தாமதித்தால், பக்கத்து வீட்டாரோடு சிரித்துப் பேசினால், பன்னிரண்டு வருஷமாக அவளை எழுந்து நிற்க வைத்த சத்தம்.

அவள் எழுந்து நின்றாள். கால் தானாகவே எழுந்துவிட்டது. அதை உணர்ந்ததும் பயத்தை மீறிக்கொண்டு கோபம் ஏறியது. மறுபடியும் குந்தினாள். டிரம்மை மாட்டினாள். நிப்பிளில் பிளாஸ்டிக் குழாயைச் செருகி, மறுமுனையைப் பாட்டிலில் விட்டாள். ஸ்பேனரை நிப்பிளில் பொருத்தினாள்.

கணவனை அவள் ஒருநாளும் ஒருமையில் கூப்பிட்டதில்லை.

“சும்மாதானே உக்காந்திருக்க,” என்றாள். “அழுத்து.”

சுவர் சிவக்கவில்லை.

“அழுத்துன்னு சொன்னேன்.”

பெடல் உள்ளே போகும் சத்தம் கேட்டது. சுவர் சிவந்தது. நிப்பிளைத் திறந்தாள். குழாயில் குமிழ் குமிழாக ஆயில் ஓடியது. டிரிப்ஸ் குழாயில் காற்றைக் கண்காணிக்கும் அதே கண்ணால் பார்த்தாள். மூடினாள்.

“விடு.”

விட்டது.

ஒன்பது முறை. ஒவ்வொரு முறையும் அது ஒரு கணம் தாமதித்தது. ஒவ்வொரு முறையும் அவள் காத்திருந்தாள். முன்னே போய் பிரேக் ஆயில் டப்பாவை நிரப்பிவிட்டுத் திரும்பும்போது கண்ணாடி வழியாக உள்ளே பார்க்காமலிருக்கப் பெரும்பாடு பட்டாள். ஒன்பதாவது முறை குழாயில் ஒரு குமிழ்கூட இல்லை. வலது பக்கத்தையும் அப்படியே முடித்தாள். சக்கரங்களை மாட்டி, வண்டியை இறக்கி, செங்கற்களை எடுத்து, ஷட்டரை முழுக்கத் தூக்கினாள். ஈர வெளிச்சம் உள்ளே வந்தது. அந்த வெளிச்சம் எதையும் மாற்றவில்லை.

டிரைவர் கதவைத் திறந்தாள். சீட் குழிந்திருந்தது. ஓர் ஆளின் பாரம் அழுத்திய குழி.

“எறங்கு. நான் ஓட்டணும்.”

செருமல். இந்தத் தடவை காதுக்குப் பக்கத்தில். கெட்டுப்போன மூச்சு முகத்தில் பட்டது. அவள் நகரவில்லை. எவ்வளவு நேரம் அப்படி நின்றாள் என்று பிறகு அவளுக்கே தெரியவில்லை. குழி கொஞ்சம் கொஞ்சமாக மேலே எழுந்தது. ஸ்பிரிங் முனகியது. வண்டி ஒரு பக்கமாகச் சாய்ந்து, மறுபக்கம் சாய்ந்தது. பக்கத்து சீட் அமுங்கியது. அந்தப் பக்கத்து பெல்ட் தானாக நீண்டு, ஒன்றுமில்லாத ஒரு மார்பைச் சுற்றி வளைந்து, கிளிக் என்று மாட்டிக்கொண்டது.

அவள் ஏறி உட்கார்ந்தாள். சீட் சில்லென்றிருந்தது. கிளப்பினாள். மழைக்குள் இறங்கி, தெருமுனை வரை வேகமாகப் போய் ஒரே மிதியாக மிதித்தாள். வண்டி இம்மி பிசகாமல் நேராக நின்றது. பிரேக் கல் மாதிரி இருந்தது.

நாளைக் காலை ஐந்தரைக்குப் போய்விடலாம்.

முதல் கியர். கிளம்பினாள். இரண்டாவதுக்குக் கியர் குமிழில் கை வைத்தபோது, கையின்மேல் ஏதோ கனமாக அமர்ந்தது. குனிந்து பார்த்தாள். புறங்கையில் கறுத்த எண்ணெய் ஊறி வந்தது. ஒரு விரல் தடம். அடுத்தது. நான்கு விரல்கள். பிறகு கட்டைவிரல் மணிக்கட்டைச் சுற்றி வந்து இறுக்கியது. அவள் கையை எடுக்கவில்லை. எலும்பு நொறுங்குகிற மாதிரி இறுக்கியது. பல்லைக் கடித்துக்கொண்டு, அந்தக் கையையும் சேர்த்தே இழுத்து, இரண்டாவது கியரைப் போட்டாள்.