காம்பஸுக்கு ஆகாத கத்தி

சின்னக்கானல் ஏரிக்கரை விடுதியில் நான் வேலைக்குச் சேர்ந்த அன்று மழை அப்போதுதான் விட்டிருந்தது. படகுத்துறை முழுக்க ஈரப் பாய்த்துணியின் வாடை. என் அண்ணன் சுருளிவேல் ஓட்டிய சின்னப் பாய்மரப் படகு அங்கே ஆடிக்கொண்டிருந்தது. போன மழைக்காலத்தில் அதில் அவனை ஒற்றை ஆளாக அனுப்பினார்கள். காற்று முற்றியபோது பாயை இறக்குவதற்காகச் சுக்கான் கட்டையை விட்டான். படகு சடாரென்று திரும்பி அவனைத் தண்ணீரில் தள்ளி மூழ்கடித்தது. துணைக்கு ஓர் ஆள் வேண்டும் என்று எத்தனையோ தடவை கெஞ்சியிருந்தான். முதலாளி ஜின்சன் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

இப்போது அதே மனிதர், சுக்கானைத் தானாகப் பிடித்துக்கொள்ளும் ஆட்டோபைலட் வாங்கப் போகிறாராம்.

"ஏது எடுக்கலாம் சுடலை?" என்று தன் மலையாளத் தமிழில் கேட்டுப் போனை நீட்டினார்.

இரண்டு வகை இருந்தது. ஒன்றில் திசை பார்க்கும் காம்பஸ் தனியாக வரும், தள்ளி மாட்டிக்கொள்ளலாம். மற்றதில் சுக்கானைத் தள்ளுகிற தண்டுக்குள்ளேயே காம்பஸ். பக்கத்தில் இரும்பு இருந்தால் அதற்குத் திசை தப்பிவிடும்.

"தனியா வர்றத எடுங்க சார். சுக்கான்ல மதினி கட்டுன கத்தி இருக்குல்ல."

அது அண்ணன் தேயிலைச் செடி வெட்டிய கவாத்துக் கத்தி. தண்ணீரில் போனவன் ஓட்டிய படகில் அவன் கைபட்ட இரும்பைக் கட்டிவைத்தால் அவன் திரும்ப ஏறமாட்டான் என்பது எங்கள் தோட்டத்து லய வீடுகளில் உள்ள நம்பிக்கை. அண்ணன் மனைவி ராமுத்தாய் அழுதுகொண்டே கட்டியிருந்தாள்.

"ஒரு கத்திக்கு வேண்டியா?" ஜின்சன் சிரித்துவிட்டு மற்றதை வாங்கினார்.

அதை மாட்டிய அன்று பிற்பகலிலேயே மூடுபனி இறங்கிவிட்டது. ஜின்சன் படகில் ஏறி, காம்பஸுக்கு ஆகாதென்று கத்தியைக் கட்டறுத்து எடுத்து ஏரியில் வீசினார். கரையில் என் பக்கத்தில் நின்ற மதினி வாயைப் பொத்திக்கொண்டாள். அந்த ஆளை அங்கேயே அறைந்திருப்பேன்.

அதற்குள் படகு, துறையில் கட்டியிருந்த கயிற்றை இழுத்தது.

காற்றே இல்லை.

ஆட்டோபைலட்டுக்கு இன்னும் மின் இணைப்புக் கொடுக்கவில்லை. அதன் ஒயர் என் கையில்தான் இருந்தது.

சுக்கான் கட்டை மெல்ல ஒரு பக்கம் சாய்ந்தது.

கயிறு அறுந்தது.

ஜின்சன் பின்பக்கம் திரும்பினார். அங்கே யாரும் இல்லை. ஆனால் ஓர் ஆள் உட்கார்ந்த கனத்தில் படகின் பின்புறம் தாழ்ந்திருந்தது.

"வேண்டா... சுருளி, வேண்டா..." அவர் இரண்டு கையும் கூப்பினார். படகு பனிக்குள் நேராகப் போனது.

நான் தண்ணீரில் இறங்கப் போனேன். மதினி என் கையை இறுக்கிப் பிடித்தாள். அவள் முகத்தில் பயம் இல்லை, ஆத்திரம்தான் இருந்தது. பனியைப் பார்த்து, வீட்டுக்குள் புருஷனிடம் பேசுகிற குரலில் சொன்னாள்.

"இந்தத் தடவ பிடிய விட்ராதீக."