முறுக்கி வைத்த வயர்கள்

"பாட்டோட பாஸைக் காதால கேக்கறதில்லக்கா. வயித்தால கேக்கறது."

"அப்ப சாப்பிட்டுட்டுக் கேக்கணுமா, வெறும் வயித்துலயா?"

"உன்னைக் கட்டிக்கப்போற மனுஷனுக்கு நான் இப்பவே ஒரு ஹெல்மெட் வாங்கி வெக்கணும்."

"வாங்கு, வாங்கு. அதுக்கு முன்னாடி என் பசை டப்பாவை மூடு. காயுது பாரு."

எப்போதோ ஒரு மத்தியானம், வீட்டை ஒட்டிய இந்த ஷெட்டில் அவளும் தம்பியும் பேசிக்கொண்டது. கார்களுக்குப் பாட்டு சிஸ்டம் பொருத்துவது அவர்கள் தொழில். பலகை அறுத்து, பசை பூசி, கறுப்பு கார்ப்பெட் ஒட்டி, பாஸ் அதிரும் பெரிய ஸ்பீக்கரான வூஃபருக்குப் பெட்டி செய்வது அக்கா. ஆம்ப்ளிஃபயர், ப்யூஸ், வயர் எல்லாம் தம்பி. ஒருவர் வேலையில் மற்றவர் கை வைத்துவிட்டால், அன்று சாப்பாட்டுத் தட்டுகள் கொஞ்சம் சத்தமாகவே வைக்கப்படும்.

இன்று அவன் வேலையில் அவள் கை வைத்திருந்தாள். கேட்க ஆளில்லை.

அவனுடைய கார்தான். நாளைக் காலையில் அவன் சிநேகிதன் சோடா வந்து ஓட்டிக்கொண்டு போகப்போகிறான். மூக்குக்கண்ணாடி சோடா பாட்டிலின் அடிபோல் தடியாக இருப்பதால் தம்பி வைத்த பெயர். "பாட்டு கேக்கற மாதிரி குடுங்கக்கா," என்று சோடா கேட்டிருந்தான். "சத்தம் இல்லாட்டி அது அவன் காரே இல்ல." அதனால் டிக்கிக்குள் பிய்ந்து கிடந்த வயரிங்கை அவள் மறுபடி போட்டுக்கொண்டிருந்தாள்.

பாட்டரியிலிருந்து வரும் தடித்த சிவப்பு வயரை மிதியடிக்கு அடியில் இழுத்தாயிற்று. டிக்கித் தரையில் பெயின்டைச் சுரண்டி, பளபளத்த இரும்பில் எர்த் வயரை போல்ட் போட்டு இறுக்கியாயிற்று. ப்யூஸைக் கடைசியில்தான் போட வேண்டும், அதுவரை எதிலும் கரன்ட் இருக்கக்கூடாது என்பான் தம்பி. அது அவள் சட்டைப்பையில் இருந்தது. இனி வூஃபரின் இரண்டு வயர்களில் எது பிளஸ் என்று பார்க்க வேண்டும். டார்ச் செல் ஒன்றைத் தொட்டுக் காட்டினால் போதும். கோன், அதாவது நடுவிலிருக்கும் அந்தக் கறுப்புக் காகிதக் கிண்ணம், வெளியே எம்பினால் சரி. உள்ளே போனால் வயரை மாற்ற வேண்டும்.

தொட்டாள். டப்பென்று வெளியே எம்பியது. செல்லை எடுத்தாள். தணிந்தது.

செல் அவள் உள்ளங்கையில் இருக்கும்போதே, கோன் இன்னொரு தடவை எம்பியது.

மெதுவாக. தூங்குகிற பிள்ளையின் வயிறு போல.

மழை இருட்டிக்கொண்டு வந்த சாயங்காலம் அது. தகரக் கூரையில் தூறல் விட்டுவிட்டுச் சடசடத்தது; பலகைத்தூளும் பசையும் ஈர மண்ணும் கலந்த ஷெட்டின் பழகிய வாசனைக்குள் எங்கிருந்தோ நூலிழையாய் ஒரு புகை நெடி நுழைந்து, இருக்கிறதா இல்லையா என்று அவளைத் தேடவிட்டு மறைந்தது. லாரி ஏதாவது போயிருக்கும், தரை அதிர்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தெருவைத் திரும்பிப் பார்த்தாள். லாரி இல்லை. எதிர்வீட்டு வாத்தியாரின் ஜன்னலில் டிவி வெளிச்சம் மட்டும் நீலமாக அசைந்தது.

அந்த வாத்தியாருக்குத்தான் சத்தம் ஆகாது. "உங்க பையன் பாட்டு போட்டா டம்ளர்ல இருக்கற என் பல்செட்டு தனியா டான்ஸ் ஆடுதும்மா," என்று ஒருமுறை வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார். தம்பி விழுந்து விழுந்து சிரித்தான். ஆனாலும் அன்றிலிருந்து சத்தம் சோதிக்கும்போதெல்லாம் ஷெட்டின் இரும்பு ஷட்டரை இறக்கிக்கொண்டான். பாட்டரி இறங்கிவிடக்கூடாதென்று இன்ஜினை ஓடவிட்டுக்கொள்வது அவன் வழக்கம். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நல்ல பழக்கங்கள்.

அப்படி ஒரு சாயங்காலத்தில்தான் போனான். டிக்கிக்குள் வூஃபர் பெட்டியைக் கட்டிக்கொண்டு, கோன்மேல் கன்னம் வைத்துக் கிடந்தான். தூக்கியவர்களின் அவசரத்தில் வயர்கள் பிய்ந்தன. இன்ஜின் புகையில் மயங்கித் தூக்கத்திலேயே போயிருக்கிறான், ஒன்றும் தெரிந்திருக்காது என்றார் டாக்டர். அந்த ஒரு பேச்சைப் பிடித்துக்கொண்டுதான் அம்மா படுக்கையிலிருந்து எழுந்தாள். முதல் வேலையாக ஷட்டரைக் கழற்றி எடுத்துப்போகச் சொன்னாள். தினமும் படுக்கப்போகும் முன் மகளிடம் கேட்பாள்.

"தூக்கத்துலதானேடி போனான்?"

"ஆமாம்மா."

அந்த ஆமாவின் மேல் தலையை வைத்துத்தான் இரண்டு பேரும் தூங்கினார்கள்.

கோன் மறுபடி எம்பியது.

ஆம்ப்ளிஃபயரில் இன்னும் வயரே சேரவில்லை. சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்தாள். ப்யூஸ் இருந்தது. உள்ளங்கையைக் காகிதத்தின்மேல் வைத்தாள். பாட்டென்றால் சீராக அடிக்கும், அடுத்தது எப்போது வரும் என்று கைக்குத் தெரியும். இது சீராக இல்லை. அவசரமாக அடித்தது. நின்றது. இளைத்துப்போய் மறுபடி அடித்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு முஷ்டி.

இதை அவள் கேட்டிருக்கிறாள்.

அவன் போன அன்று சமையலறையில் நின்றபடி கேட்டது இதுதான். "இன்னும் முடிக்கலையா இவன்?" என்று அம்மா சலித்துக்கொண்டதும், "விடும்மா, டியூன் பண்றான்," என்று அவள் சொன்னதும் இதற்குத்தான். பலகை ஒரு இடத்திலும் அதிராமல் தன் பெட்டி எவ்வளவு சுத்தமாக அடிக்கிறது என்று அன்றைக்கு அவள் பெருமைகூடப் பட்டாள்.

கையை இழுத்துக்கொண்டாள். கால்கள் பின்னால் போயின. முதுகு வேலை மேஜையில் இடித்தது.

வூஃபரைக் கடையிலிருந்து கொண்டுவரும்போது, வழியில் கோன் ஆடிக் கெட்டுப்போகாமலிருக்க, தம்பி இரண்டு வயர் நுனிகளையும் சேர்த்து முறுக்கிவிடுவான். அப்படி முறுக்கினால் கோன் பிடித்துக்கொண்டதுபோல் இறுகிவிடும். அவள் திரும்பி வந்தாள். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, நுனிகளைத் தேடிப் பிடித்து, ஒன்றோடொன்று சேர்த்து முறுக்கினாள். விரல் வலிக்கும்வரை முறுக்கினாள்.

நின்றது.

தூறல் மட்டும் கேட்டது. இப்படியே விட்டுவிடலாம். மீதியை நீயே பார்த்துக்கொள் என்று சோடாவிடம் சொல்லிவிடலாம். கார் தெருமுனை திரும்பிவிடும். ராத்திரி அம்மா கேட்பாள், இவள் ஆமா என்பாள்.

"முடிஞ்சுதாடி?" உள்ளேயிருந்து அம்மாவின் குரல்.

"ஆயிடுச்சும்மா."

"எல்லாம் சரியா இருக்கா?"

அவள் முறுக்கிய வயரைப் பார்த்தாள். செம்பு இழைகள் டிக்கி விளக்கில் சிவந்து மினுங்கின. தொட்டால் சூடு. ஜுரம் கண்ட நெற்றியின் சூடு. சின்ன வயதில் அவனுக்கு ஜுரம் வந்தால் அக்காதான் பக்கத்தில் படுக்க வேண்டும். அம்மாகூட இரண்டாம் பட்சம்.

"சரியா இருக்கும்மா. நீ இரு, வரேன்."

அன்றைக்குக் கூப்பிட்டது பாட்டாகக் கேட்டது. இன்று தெரிந்தே அவன் வாயைக் கட்டிவிட்டுப் போய் எப்படிச் சாப்பிடுவது?

பிரித்தாள். ஒவ்வொரு சுற்றாக. விரல் வழுக்கியது. நகத்தால் பிரித்தாள்.

கடைசிச் சுற்று.

ஒன்றுமில்லை.

பிறகு புகை நெடி. இந்தத் தடவை நூலிழை இல்லை. கண் எரிந்தது. தொண்டை அடைத்தது. இன்ஜின் குளிர்ந்து கிடந்தது. வெளியே மழைக்காற்று தாராளமாக வீசியது. அது உள்ளே வரவில்லை.

கோன் வெளியே. உள்ளே. வெளியே.

அவள் டிக்கிக்குள் ஏறினாள். முழங்கால்களை மடக்கினாள். பெட்டியைக் கட்டிக்கொண்டாள். தான் ஒட்டிய கார்ப்பெட். தான் இழைத்த விளிம்பு. கன்னத்தைக் காகிதத்தின்மேல் சாய்த்தாள்.

குளிர்ச்சி. பிறகு ஈரம். பிறகு வெதுவெதுப்பு.

மூச்சு.

"அக்கா."

காதில் விழவில்லை. வயிற்றில் விழுந்தது.

"இங்கதான்டா இருக்கேன்." அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை. "சொல்லுடா. தூங்கலையா நீ?"

கன்னத்துக்குக் கீழே காகிதம் தட்டியது. உள்ளிருந்து. பலமில்லாத தட்டு. அவள் தலையைத் திருப்பி வாசலைப் பார்த்தாள். ஷட்டர் இருந்த இடத்தில் வெறும் தெரு. மழை. வாத்தியார் வீட்டு நீல வெளிச்சம். கை நீட்டினால் எட்டும் தூரத்தில் எல்லாம் திறந்து கிடந்தது. தூக்க எதுவும் இல்லை.

தட்டு நின்றது. யாரையும் தொந்தரவு செய்ய விரும்பாதவன்போல, மிகவும் களைத்துப்போய், அவன் கேட்டான்.

"ஷட்டரைக் கொஞ்சம் தூக்கிவிடுக்கா."