ரப்பரில் எழுதிய பெயர்

ரப்பர் பாதிதான் இருந்தது.

அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். மதியம் மகள் பென்சில் பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுத்தபோது அது பிரிக்காத சோப்புக் கட்டி மாதிரி முழுசாக இருந்தது. “எனக்கு இன்னிக்கு வாட்டர் கலர்தான், வச்சுக்கோங்க. ஆனா தேய்ச்சுத் தீத்துடாதீங்கப்பா, அஞ்சு மணிக்கு வந்து வாங்கிப்பேன்” என்று மிரட்டிவிட்டுத்தான் அவள் மாடியிலிருக்கும் ஓவிய வகுப்புக்கு ஏறினாள். போகிற இடமெல்லாம் எதையாவது தொலைத்துவிட்டு வருகிற பிள்ளை. அதனால் அவளுடைய எல்லாப் பொருளிலும் அவள் அம்மா நீலப் பேனாவால் பெயர் எழுதிவைப்பாள். ரப்பரின் முதுகிலும் நீளவாக்கில் எழுதியிருந்தாள், நான்கு எழுத்து.

இப்போது கடைசி இரண்டு எழுத்துகள்தான் மிச்சம். ஆனால் அவன் தேய்த்தது ஒரே ஒரு தடவை.

ஞாயிற்றுக்கிழமை. வணிக வளாகத்தின் கீழ்த்தளத்தில் அவனுடைய கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை தவிர எல்லாவற்றுக்கும் ஷட்டர் இறங்கியிருந்தது. வெளியே மேகம் கட்டிக்கொண்டு மணி நாலரைக்கே இருட்டு. ஒரு டியூப்லைட் உறுமிக்கொண்டிருந்தது. மாடியில் பிள்ளைகள் நாற்காலி இழுக்கிற சத்தம் அவ்வப்போது கூரை வழியே இறங்கியது. மேசைமேல் ஒரு மடிக்கணினி அடிமூடி திறந்தபடி கூடாரம் போல நின்றது. அதில் மெமரி டெஸ்ட் ஓடிக்கொண்டிருந்தது. பிழைகள்: பன்னிரண்டு.

காலையில் ஒரு அக்கா கொண்டுவந்தது. பத்து நிமிடம் ஒழுங்காக ஓடும், பிறகு நீலத் திரையைக் காட்டிவிட்டு நின்றுவிடும். கணினியின் ஞாபகத்தை வைத்திருக்கிற ரேமில்தான் கோளாறு. அதற்கு எல்லாக் கடையிலும் ஒரே முதல் வைத்தியம்தான். விரல் நீளத் தகடான அந்த ரேமைக் கழற்றி, விளிம்பிலிருக்கும் தங்கநிறப் பற்களைப் பென்சில் ரப்பரால் அழுக்குப் போகத் தேய்த்து, திரும்பச் செருக வேண்டும். பாதி நோய் அதிலேயே ஓடிவிடும். வாடிக்கையாளர் முன்னால் மட்டும் செய்ய மாட்டார்கள், கௌரவம் போய்விடும்.

“எங்க வீட்டுக்காரரும் இதே தொழில்தாங்க தம்பி. ரப்பர் போட்டுத் தேய்ச்சுத் தேய்ச்சுப் பாத்தாரு” என்றாள் அந்த அக்கா.

“இப்ப கடைக்குப் போறதில்லையா?”

“வீட்லயே உக்காந்திருக்காரு. நான் ரூமுக்குள்ள போனா, ‘வாங்க, உக்காருங்க’ங்கறாரு.”

பெண்டாட்டிக்கு இவ்வளவு மரியாதையா என்று அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை.

மேசையை ஊதினான். ரப்பர் துகள்கள் பறந்தன. ஒரு தடவை தேய்த்தால் ஒரு சிட்டிகை விழும். இங்கே ஒரு கைப்பிடி கிடந்தது, அதில் பாதி லேசான நீலம். கருகின வாடை மூக்கில் ஏறியது. மகளைக் கூப்பிட்டுக் கேட்டுவிடலாம், ரப்பரை அவளே எங்காவது தேய்த்திருப்பாள் என்று தோன்றியது. மாடிப்படி வரைக்கும் போய் அவள் பெயரைச் சொல்லி ஒரு சத்தம் போட வாயைத் திறந்தான்.

பின்பாதி வந்தது. முன்பாதி வரவில்லை.

திறந்த வாயோடு நின்றான். அந்த இரண்டு எழுத்தும் நாக்கில் சுற்றிச் சுற்றி வந்தன. வயசாகுதுடா உனக்கு என்று தன்னையே கேலி செய்துகொள்ளப் பார்த்தான். பெற்ற பிள்ளையின் பெயர். எட்டு வருஷமாக ஒரு நாளைக்கு நூறு தரம் கூப்பிடுகிற பெயர்.

நெற்றியைத் துடைத்தபோதுதான் சட்டைக் கை ஈரமாக இருப்பது தெரிந்தது. முழங்கை வரை ஈரம். முகர்ந்தான். அழுகிய பழமும் சாக்கடையும் கலந்த வாடை, வளாகத்துக்குப் பின்னால் இருக்கிற குப்பைத்தொட்டியின் வாடை. இன்றைக்கு அந்தப் பக்கமே அவன் போகவில்லையே!

திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மடிக்கணினியின் ஓரத்தில் ஒட்டியிருந்த காகித டேப்பைப் பார்த்தான். எந்த மெஷினுக்கும் ஒரு டேப் ஒட்டி, ஒவ்வொரு தடவை தேய்த்ததற்கும் ஒரு கோடு போடுவது அவன் வழக்கம். ஒரு கோடுதான் போட்டதாக ஞாபகம். எண்ணினான். பதினொன்று. எல்லாம் அவன் கைக் கோடுதான், கீழே சற்று இடப்பக்கம் சாயும். கோடுகளுக்கு அடியில் அவன் கையெழுத்திலேயே ஒரு சொல். பேனா டேப்பைக் கிழிக்கிற அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தது.

தேய்க்காதே.

போனை எடுத்து அந்த அக்காவை அழைத்தான்.

“அக்கா, கடையிலேர்ந்து பேசறேன். உங்க வீட்டுக்காரர் எத்தன தடவ தேய்ச்சாரு?”

“தம்பி, இதையேதான் மூணாவது தடவையா கேக்கறீங்க.”

“நானா?”

“கணக்கே இல்லன்னு சொன்னேன். அதுக்கு நீங்க, ‘இப்பவே கழட்டிக் குப்பையில போட்டுடறேன்’னீங்க. போடலியா?”

போட்டிருக்கிறான். அப்புறம் எதற்காகப் போட்டோம் என்பது மறந்துபோயிருக்கிறது. வாடிக்கையாளர் பொருளைக் குப்பையில் போட்ட மடையன் யார் என்று திட்டிக்கொண்டே தொட்டிக்குள் முழங்கை வரை விட்டுத் தேடி எடுத்து வந்திருக்கிறான். எத்தனை முறையோ. மனசு மறந்தாலும் கை மறக்கவில்லை. இருபது வருஷப் பழக்கம். பிழை காட்டினால் கழற்று, தேய், செருகு.

“தம்பி, கையில புடிச்சிருக்கீங்களா அத? கீழ வைங்க. வச்சுட்டு வெளிய போயிடுங்க” என்றாள் அவள். குரல் உடைந்திருந்தது.

கீழே பார்த்தான். இடது கையில் ரேம், வலது கையில் ரப்பர். எப்போது கழற்றினான்? ரப்பரில் ஒரே ஓர் எழுத்து.

இரண்டையும் மேசையில் போட்டான். போக வேண்டும். மாடிக்கு ஓட வேண்டும், மகளைத் தூக்கிக்கொள்ள வேண்டும், அவள் அம்மாவிடம் பெயரைக் கேட்க வேண்டும். கேட்டு உள்ளங்கையில் எழுதிக்கொள்ள வேண்டும். அவள் முகம் இன்னும் இருந்தது. முன்பல் விழுந்த இடைவெளி, நெற்றியில் சின்னத் தழும்பு. அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். என் தங்கம், அப்பா இதோ வந்துட்டேன். நாற்காலியிலிருந்து எழுந்தான். கதவுவரை போனான்.

முதுகுக்குப் பின்னால் ஒரு பீப் சத்தம்.

திரும்பக் கூடாது. திரும்பினான். எந்தக் கடைக்காரனும் அந்தச் சத்தத்துக்குத் திரும்புவான்.

ரேம் திரும்பச் செருகியிருந்தது. எப்போது செருகினான்? பிழைகள்: ஒன்று.

ஒன்றே ஒன்று. இன்னும் ஒரு தடவை...

டேப்பில் என்னவோ எழுதியிருந்தது. யார் எழுதியது?

கை நீண்டது.

கழற்று.

தேய்.

செருகு.

மணி ஐந்து. திரையில் பூஜ்யம். அவன் பெருமூச்சு விட்டான். நெஞ்சு ஏனோ பதறி அடித்துக்கொண்டிருந்தது. எதற்கோ பயந்துகொண்டிருந்தோம் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. எதற்கு என்பது இல்லை. கன்னம் ஈரமாக இருந்தது, அதுவும் ஏனென்று தெரியவில்லை.

மாடிப்படியில் சின்னச் செருப்புகள் தடதடவென்று இறங்கின. கண்ணாடிக் கதவை முதுகால் தள்ளிக்கொண்டு ஒரு சிறுமி உள்ளே வந்தாள். முன்பல் ஒன்று இல்லை. ஒரு கையில் பென்சில் பெட்டி, மறு கையில் ஈரம் காயாத ஓவியம்.

“அப்பா, பாருங்க! நடுவுல நான், இந்தப் பக்கம் அம்மா, இந்தப் பக்கம் நீங்க!”

அவன் தனக்குப் பின்னால் வேறு யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தான். சுவர்தான் இருந்தது.

“வாங்க, உக்காருங்க” என்றான்.

அவள் களுக்கென்று சிரித்தாள். “ஐயோ, என்னப்பா ‘வாங்க’ன்னு? என் ரப்பர் எங்க?”

அவன் அவளை ஏற இறங்கப் பார்த்தான். பாவம், யார் வீட்டுப் பிள்ளையோ, இடம் தெரியாமல் வந்திருக்கிறது. மழை வேறு வரப்போகிறது. அவள் சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக நின்றது. ஓவியத்தை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள், ஈரச் சாயம் சட்டையில் ஒட்டியது.

“அப்பா?”

மேசைமேல் திரை மறுபடி நீலமானது.

அவன் கைகள் ரேமைக் கழற்றின, பழக்கப்படி மேசையைத் தடவின. துகள்கள்தான் அகப்பட்டன. தலை நிமிர்ந்தான். அந்தச் சிறுமியின் பென்சில் பெட்டியைப் பார்த்தான். பெரியவர்களிடம் கேட்பதுபோல மிகவும் மரியாதையாக, சற்றுக் குனிந்து கேட்டான்:

“உங்ககிட்ட ரப்பர் இருக்குங்களா?”