ஏழாம் நம்பர் சைக்கிளுக்கு ஒரு கேரியர்

ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல வாடகை சைக்கிள் கடை வச்சிருந்தேன். பன்னெண்டு சைக்கிள். ஒண்ணுலயும் பின்னாடி கேரியர் கிடையாது. டபுள்ஸ் ஏத்தினா வீல் கோணிக்கும். நான் யாரையும் நம்பறதில்லை. காலேஜ் பசங்களை அறவே நம்பறதில்லை.

எண்பத்தாறு மார்கழி. எதிர்க்கடை தெரியாத அளவுக்குப் பனி. எட்டரை மணி பேரிகை பஸ்ஸுல இறங்கி, முனீர் அகமதுன்னு ஒரு பையன் தினமும் ஏழாம் நம்பரை எடுப்பான். சிப்காட் கம்பெனிகளைத் தாண்டி காலேஜ். அவனுக்குக் கடைசி வருஷம்.

ஒருநாள் அவன் கிளம்பினதும் தற்செயலாப் பார்த்தேன். பனிக்குள்ள போற சைக்கிள்ல, அவன் முதுகை ஒட்டி ஒரு பொம்பளை. காலு ரெண்டும் ஒரு பக்கமாத் தொங்குது. பச்சைச் சேலை.

"டேய், யாரைடா ஏத்தற?"

பனி மூடிக்கிச்சு. டிபன் பாக்ஸ் கிலுங்கற சத்தம் மட்டும் கொஞ்ச தூரம் கேட்டுது.

சாயங்காலம் பின் வீல் கோணலா வந்துது. "பொண்ணை ஏத்திட்டுச் சுத்தறதுக்கா உங்கப்பன் படிக்க அனுப்பினான்?"

"கேரியரே இல்லாத வண்டில எங்கண்ணா ஏத்தறது?"

பொய்னு நெனச்சேன். வண்டியை மாத்திக் கொடுத்தேன். மறுநாள் அந்த வீலும் கோணிச்சு.

மூணாம் நாள் வந்தவன் சைக்கிளைத் தொடலை. முழங்கை சிராய்ச்சு ரத்தம் காஞ்சிருந்தது.

"ஆஞ்சப்பண்ணா, உங்க கடையைத் தாண்டினதும் பின்னாடி ஏதோ ஒண்ணு ஏறுது. உக்கார எடமில்லாம என் சட்டையைப் பிடிச்சுத் தொங்குது. ஏரிக்கரை வளைவுல கை நழுவி விழுது. நேத்து என்னையும் சேர்த்து இழுத்துச்சு. லாரி ஒரு சாண்ல நின்னுது."

"அப்போ நடந்து போ."

"ஒன்பதரைக்குக் கடைசிப் பரீட்சைண்ணா. நடந்தா வருஷமே போயிடும். சைக்கிள்ல போனா உசுரு போயிடும்."

ஏரிக்கரை வளைவுன்னதும் அது யாருன்னு எனக்குப் புரிஞ்சுபோச்சு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி சாந்தம்மான்னு கம்பெனிக்குப் போற பொம்பளை கடைக்கு வந்தா. பச்சைச் சேலை. கையில டிபன் பாக்ஸ். பஸ்ஸை விட்டுட்டா, ஒன்பது மணி ஷிப்டு. ஒரு பையன் பின்னாடி ஏத்திக்கறேன்னான். அவளும் ஏறி உக்காந்துட்டா. டபுள்ஸ் கூடாதுன்னு நான்தான் இறக்கி விட்டேன்.

பனியில நடந்து போனவளை அந்த வளைவுல லாரி அடிச்சுப் போட்டுது.

அன்னிக்கே பன்னெண்டு கேரியரையும் கழட்டி எடைக்குப் போட்டுட்டேன். இதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. அந்தப் பையன்கிட்டயும் சொல்லலை.

என் சொந்த சைக்கிள்ல மட்டும் கேரியர் இருந்தது. அதைக் கழட்டி ஏழாம் நம்பர்ல மாட்டினேன்.

"போ. திரும்பிப் பாக்காத."

மத்தியானம் வந்தான். மூஞ்சி வெளுத்திருந்தாலும் உசுரோட வந்தான்.

"பரீட்சை எழுதிட்டேண்ணா. வளைவுல விழலை. கேரியர்ல உக்காந்து வந்துது. கம்பெனி கேட் வந்ததும் இறங்கிடுச்சு."

"சரி, விட்டுது சனி."

அவன் சிரிக்கலை. "இறங்கறப்போ காதுகிட்ட ஒண்ணு சொல்லுச்சு."

"என்னடா?"

"நாளையிலேர்ந்து ஆஞ்சப்பண்ணனே கூட்டிட்டுப் போகட்டும்னு."

பேரிகை பஸ் ஏறிப் போனவன் அப்புறம் இந்தப் பக்கம் வரவே இல்லை.

மறுநாள் எட்டரை. பனி. கடையில நான் மட்டும்தான். ஏழாம் நம்பர் சுவத்துல சாய்ஞ்சிருந்தது.

டிபன் பாக்ஸ் கிலுங்குச்சு.

பின் டயர் மெதுவா அமுங்குச்சு.

பெடல் தானா அரை சுத்து சுத்தி, நான் கால் வைக்கத் தோதா வந்து நின்னுது.

இதெல்லாம் நடந்து பத்து வருஷம் ஆச்சு. கடையை வித்துட்டேன். ஏழாம் நம்பரை விக்க முடியலை. ஒருநாள் காய்ச்சல்னு அவளைக் கூட்டிட்டுப் போகாம படுத்துட்டேன். படுத்திருந்தவன் சட்டையைப் பின்னாடியிலிருந்து ரெண்டு கை பிடிச்சுது. ஈரமா இருந்தது. மெஷின் ஆயில் வாசனை அடிச்சுது.

இப்பவும் வாசல்ல கிலுங்குது.

எட்டரை ஆச்சு. கிளம்பறேன்.