அப்பாவின் அச்சு

திருப்பூர் மாவட்டத்திலேயே பயம் என்பது அறவே இல்லாமல் பிறந்தவன் தான் ஒருவன்தான் என்று அருள்குமார் கல்லூரியில் அறிவித்திருந்தான். யாரும் மறுக்காததால் அது நிரூபணமாகிவிட்டது என்றும் எடுத்துக்கொண்டான். அப்படிப்பட்டவன் கொஞ்ச நாளாக நெருப்பெரிச்சல் ஊரிலுள்ள வீட்டில் டிவி ஸ்டாண்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துதான் சாப்பிடுகிறான்.

ஸ்டாண்டில் இருப்பது அப்பாவின் முகம். பனியன் கம்பெனிக் கட்டிங் மாஸ்டரான அப்பா தனபாலுக்குத் தொண்டையில் முற்றிய புற்றுநோய். கதிர்வீச்சுக் கரண்ட் வைக்கும்போது தலை அசையக்கூடாதென்று, வெந்நீரில் இளக்கிய பிளாஸ்டிக் வலையை முகத்தில் அழுத்தி அச்செடுத்திருந்தார்கள். கூடவே வாராவாரம் கீமோ. இரண்டும் சேர்ந்தால்தான் கட்டி கரையும், நடுவில் நிறுத்தவே கூடாது என்றார் டாக்டர். கட்டியோடு அப்பாவும் கரைந்தார். அச்சு தொளதொளத்துப் போகவே புதிது செய்தார்கள். பழையதை அருள்குமார் கேட்டு வாங்கி வந்தான்.

“எக்ஸ்எல்ல மீடியமா ஆல்டர் பண்ணீட்டாங்கம்மா.”

அம்மா சிரிக்கவில்லை. பொழுது சாய்ந்ததும் ஒரு பனியன் துணியால் அதை மூடினாள்.

“தெறந்து வெச்சா அது எளைக்குது கண்ணு.”

பிளாஸ்டிக்குக்கும் டயட்டா என்று கேட்டபடி துணியை உருவிப் போட்டான்.

ஆனால் அச்சின் கன்னம் ஒட்டித்தான் இருந்தது. அடுத்த வாரம் அப்பாவின் கன்னம் அதே அளவுக்கு ஒட்டியது. பிறகு நெற்றிப்பொட்டு. ஒவ்வொரு முறையும் அச்சு முந்திக்கொள்ள, அப்பா பின்னாலேயே வந்து சேர்ந்தார். இளைப்பது சகஜம்தான், முடிந்ததும் தேறிவிடுவார் என்றார் டாக்டர். அச்சைப் பற்றி அவரிடம் எப்படிக் கேட்பது?

பேச்சு போன அப்பா டம்ளரை ஸ்பூனால் தட்டித்தான் கூப்பிடுவார். ஒருநாள் எழுந்து வந்து இஞ்ச் டேப்பை அச்சின் தாடையில் வைத்தார். பிறகு தன் தாடையில். டேப்பைச் சுருட்டி மகன் கையில் கொடுத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டார்.

இன்று சாயங்காலம் அம்மா மருந்துக் கடைக்குப் போயிருந்தாள். பக்கத்து நிட்டிங் யூனிட்டின் இரைச்சல் சுவர் வழியே ஊறிக்கொண்டிருக்க, கருகிய கழுத்துக்குத் தடவிய களிம்பின் வாசமும் ட்யூபில் ஊற்றிய கஞ்சியின் வாசமும் அறைக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருந்தன. திடீரென்று மெஷின்கள் நின்றன.

உள்ளறையில் அப்பாவின் ஸ்பூன் சத்தம். மெதுவாக. இன்னும் மெதுவாக.

போக வேண்டும். எழுந்தான். ஸ்டாண்டைத்தான் திரும்பிப் பார்த்தான்.

கன்னமில்லை. உதடில்லை. வெறும் பற்களின் வரிசை, வலையில் பதிந்து.

கீழே கிடந்த பனியன் துணியை எடுத்தான். உதறினான். மூடினான்.

துணி மூக்கில் தங்கவில்லை. தாடையில் தங்கவில்லை. அடியில் எதுவுமே இல்லாததுபோல மெல்ல இறங்கி, ஸ்டாண்டுப் பலகையோடு பலகையாகப் படிந்தது.

ஸ்பூன் சத்தம் நின்றிருந்தது.

அருள்குமார் துணியின் நான்கு ஓரங்களையும் அம்மாவைப் போலவே நீவிவிட்டுக்கொண்டிருந்தான்.